புற்றுக்குக் கட்டிய மஞ்சள் துணி

வெளியூர்க்காரர்கள் அதை மலை என்று நாங்கள் சொல்வதைக் கேட்டால் சிரிப்பார்கள். கடலூரிலிருந்து மேற்கே வரும் பேருந்தில் உட்கார்ந்து பார்த்தால் செம்மண் மேடு ஒன்று மெல்ல எழும்பும். மேலே முந்திரியும் சில பனைகளும் நிற்கும். சற்று நேரத்தில் மேடு தாழ்ந்து வயலாகிவிடும். அவ்வளவுதான். ஆனால் அதன் அடிவாரத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு அது மலைதான். மழைக்காலத்தில் அது புரியும்.

எங்கள் தெரு அந்தச் சரிவின் காலடியில் இருக்கிறது. சரிவின் நடுவே ஓர் ஓடை இருந்தது. வெயில் காலத்தில் அது வெறும் பள்ளம், ஆடுகள் இறங்கி ஏறும். ஐப்பசி பிறந்துவிட்டால் மேட்டில் விழும் மழையெல்லாம் அதற்குள் இறங்கி, எங்கள் தெருவுக்குப் பின்புறமாக வளைந்து, வாய்க்காலில் சேர்ந்து கெடிலம் ஆற்றுக்குப் போய்விடும். கடலூர் டவுனே மிதந்த வருடத்தில்கூட எங்கள் வாசலில் கோலம் கலையவில்லை. டவுனில் இருந்த என் கணவரின் உறவுக்காரர்கள் பாயும் தலையணையுமாக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். தண்ணீருக்குப் பயந்தவள் நான். பெண் பார்க்க வந்த இடத்திலேயே வீடு எந்தப் பக்கம், மேடா பள்ளமா என்று கேட்டவள் என்று இன்றும் என்னைக் கேலி செய்வார்கள். இந்த வீட்டை வாங்கும்போது என் கணவர் மின்வாரியத்து ஆள் என்பதால் கம்பம், லைன் எல்லாம் பார்த்தார். நான் ஓடையைத்தான் பார்த்தேன்.

அந்த ஓடை இருக்கும்வரை என் மகள் படுக்கும் அறைக்குள் தண்ணீர் வராது. மலையைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கிளம்பியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. இயற்கை, பறவை, காற்று என்றெல்லாம் பிறகு மனுவில் எழுதினோம். எழுதியது பொய்யில்லை. ஆனால் என் மனத்தில் இருந்தது அந்த அறைதான்.

முந்திரித் தோப்புக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டார்கள் என்று முதலில் பேச்சாக வந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிவு முழுக்க வண்ணக் கொடிகள். மஞ்சள் பெயிண்ட் அடித்து எண் போட்ட கற்கள். கீழே தெருமுனையில் ஷாமியானா போட்டு, நெய்வேலியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வேனில் ஆட்களைக் கூட்டி வந்து, ஜூஸ் கொடுத்து, மதியம் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து மனை காட்டினார்கள். 'மலைக்காற்று, சுத்தமான தண்ணீர்' என்று பேனரில் எழுதியிருந்தது. சாப்பிட்ட தட்டெல்லாம் ஓடைக்குள் கிடந்தது.

எங்கள் தெருவில் முதலில் எழுந்தவர் நர்ஸ் அக்கா. அரசு மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கிறிஸ்தவர். ஊசிக்குப் பயந்து ஓடும் பிள்ளைகளைக் காலுக்கிடையில் இடுக்கி ஊசி போட்ட கை. கையெழுத்து வாங்கவும் அப்படித்தான் வந்தார்.

"ஏம்மா, சிதம்பரத்துல இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேல பாக்கற, நல்லா எழுதுவ. உக்காந்து மனு எழுது. நான் தெருவுல இருக்கறவங்கள ஒவ்வொருத்தரா புடிச்சிட்டு வரேன். போடமாட்டேன்னு சொல்றவனுக்கு அடுத்த தடவ பி.பி. பாக்க மாட்டேன்."

தெருவே கையெழுத்துப் போட்டது. முக்கில் பிரியாணிக் கடை வைத்திருக்கிற லால்பேட்டைக்கார பாய் போட்டார். தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் என் கணவரின் அண்ணன் போட்டார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கரும்புப் பயிர் வைத்து, அது காய்ந்து கட்டுப்படியாகாமல் போய், இப்போது உரக்கடை வைத்திருப்பவர். ஊரில் அவர் சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நர்ஸ் அக்காவோடு வரிசையில் நின்றேன். மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய், கடைசியில் வருவாய்த் துறை அதிகாரி ஒருவரிடம் வந்து நின்றது.

"இது பட்டா நிலம்ங்க. அவுங்க நிலத்துல அவுங்க மனை போடறாங்க. ஓடைன்னு எழுதியிருக்கீங்க, மேப்புல ஓடையே இல்லீங்களே."

"சார், மேப்புல இல்லேன்னா தண்ணி வராதா?" என்றார் அக்கா.

"நான் மேப்பத்தாங்க பாக்க முடியும். வானத்தயா பாக்கறது?"

விடாமல் போனோம். கடைசியில் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். வந்தார்கள், நல்ல கோடையில். ஓடையின் அடியில் செருப்புக் காலோடு நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுல தண்ணி எங்கம்மா?" என்று கேட்டார்கள். காய்ந்த பள்ளத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் வாருங்கள் என்று நான் சொன்னதற்கு ஒருவர் தலையாட்டினார். அவர் ஐப்பசிக்குள் மாற்றலாகிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், பாய் கடை பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்து பேசியபோதுதான் மாமா அந்த யோசனையைச் சொன்னார்.

"மனு மனுன்னு போயி செருப்புதான் தேயுது. நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஓடை ஆரம்பிக்கற எடத்துல பெரிய புத்து ஒண்ணு இருக்குதில்ல? அதுக்கு ஒரு மஞ்சத்துணி கட்டிடுவோம். அப்புறம் எவன் வந்து அங்க மண்ணள்றான்னு பாக்கறேன்."

பாய் டீ ஆற்றிக்கொண்டே திரும்பினார். "ஏன் மச்சான், உங்க சாமிக்கு பட்டா வேணாமா?"

"சாமிக்கு எதுக்குய்யா பட்டா? உக்காந்த எடம் அதுக்குத்தான்."

"அப்ப எங்களுக்கும் ஒரு சாமி சொல்லி வையி. கடை வாடகை ஜாஸ்தி ஆயிடுச்சி."

எல்லாரும் சிரித்தோம். நர்ஸ் அக்கா மட்டும் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். "சாமியக் கொண்டுபோயி வாட்ச்மேன் வேலைக்கு வெக்கறீங்க," என்றார். "அது நம்ம சொல்றதத்தான் கேக்கும்னு யாரு சொன்னா?"

மாமா சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் புற்றை யாரும் வெட்ட மாட்டார்கள். பண்ருட்டி போகும் கிளைச் சாலை ஒன்று ஓரிடத்தில் காரணமே இல்லாமல் வளையும். இறங்கிப் பார்த்தால் வளைவுக்குள் புற்று இருக்கும், மேலே வேப்பமரம். தார் போட வந்த கான்ட்ராக்டர்கூட அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். அரசாங்கமே சுற்றிக்கொண்டு போகும்போது மனைக்காரன் எம்மாத்திரம் என்று எங்களுக்குத் தோன்றியது. ஓடையின் தலைமாட்டில் சாமி உட்கார்ந்துவிட்டால் ஓடைக்கு யாரும் வர முடியாது. அவ்வளவு சுலபமாக இருந்தது.

மஞ்சள் துணியைத் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வாங்கி வந்தவள் நான்தான். வெள்ளிக்கிழமை காலையில் மாமா குளித்துவிட்டு முன்னால் போக, நாங்கள் சில பெண்கள் பின்னால் ஏறினோம். புற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, துணி சுற்றி, பால் ஊற்றி, இரண்டு முட்டை வைத்தோம். பொங்கல் வைத்து இறக்கினோம். என் மகள் அப்போது பத்தாவது. "இதுல பாம்பு இருக்குதாம்மா?" என்று கேட்டாள். "இருந்தா நல்லதுதான்," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அடுத்த வாரம் ஜே.சி.பி. வந்தது. ஓடை முனைவரை வந்த வண்டி மஞ்சள் துணியைப் பார்த்து நின்றது. ஓட்டுநர் இறங்கினார், செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார். வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மொட்டைமாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி ஓடி வந்து நர்ஸ் அக்காவைக் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நாள் மலையில் எந்த வண்டிச் சத்தமும் இல்லை. பாய் எல்லாருக்கும் இலவசமாக டீ கொடுத்தார்.

ஆனால் புற்று அதற்குள் எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து ஊர்ப் பெண்கள் பாலும் முட்டையுமாக வர ஆரம்பித்தார்கள். பிள்ளையில்லாதவர்கள் தொட்டில் கட்டினார்கள். ஒரு அம்மாளுக்கு அருள் வந்து, தான் ரொம்ப காலமாக இங்கே இருப்பதாகவும் யாரும் கவனிக்கவில்லை என்றும் அழுதார். சூலம் நட்டார்கள். ஒலிபெருக்கி வந்தது. போன மாதம்தான் நான் வாங்கி வந்த துணி அது. அதன் முன்னால் விழுந்து கும்பிடுகிறவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்? இரண்டாவது வாரம் நானே ஒரு நிமிடம் கண்ணை மூடி, என் பெண்ணைப் பார்த்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

நர்ஸ் அக்கா அடுத்த மனுவுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நான் கையெழுத்துப் போட்டது ஓடைக்குத்தாம்மா. இப்ப அது கோயில் விஷயமாயிடுச்சி. அதுல நான் வந்து முன்னால நின்னா, இந்தம்மாவுக்கு இங்க என்ன வேலன்னு ஒருத்தன் கேப்பான். கேட்டுட்டான்."

"யாருக்கா?"

"யாரா இருந்தா என்னா. நம்ம தெருதான்."

பாயிடமும் அதே கதை. "மச்சானுக்கும் எனக்கும் சண்டையில்லம்மா. கோயில் பக்கம் நான் வந்து பேசினா நாளைக்கு வேற மாதிரி ஆக்கிடுவாங்க. கடை வெச்சிருக்கறவன் நான்." டீக்குக் காசு கொடுத்தபோது வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார்.

இப்படி நாங்கள் பிரிந்து நின்ற நேரம் பார்த்து மனைக்காரர்களின் மேனேஜர் வந்தார். சின்ன வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். காரைச் சரிவின் அடியிலேயே நிறுத்திவிட்டு, ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முள்ளும் கல்லும் கிடக்கிற அந்தப் பாதையில் வெறுங்காலோடு ஏறினார். புற்றின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். தட்டிவிடவில்லை.

"யாருங்க முதல்ல பாத்தது? ரொம்பப் பெரிய காரியம்," என்றார் மாமாவைப் பார்த்து. "எங்க முதலாளிகிட்ட சொன்னேன். அவர் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. அம்மா உக்காந்திருக்கற எடத்த இப்பிடி வெயில்லயும் மழையிலயும் விடலாமா? கோயில் நாங்க கட்டறோம். நிர்வாகம் உங்க ஊர்தான். நீங்க முன்ன நின்னு நடத்தணும்."

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். கரும்பு காய்ந்த வருடத்திலிருந்து அவரை யாரும் எதற்கும் முன்னால் நிற்கச் சொன்னதில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மாமா கோயில் கமிட்டித் தலைவர் ஆனார். ஸ்தபதி வந்தார். எங்கள் அம்மன் பெயரையே அந்த மனை நகருக்கு வைத்தார்கள். பேனரில் மலைக்காற்றுக்கு மேலே அம்மன் படம் வந்தது, 'கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில்' என்று. வேன்கள் இப்போது வெள்ளிக்கிழமைகளிலும் வந்தன. ஆட்களை இறக்கி, முதலில் சாமி கும்பிட வைத்து, பிறகு மனை காட்டினார்கள். கும்பிட்ட கையோடு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் உண்டு.

கோயில் புற்றைச் சுற்றித்தானே வரும். புற்று ஓடையின் தலைமாட்டில்தானே இருந்தது. கோயிலுக்கு மண்டபம் வேண்டும், மண்டபத்துக்குச் சமதளம் வேண்டும், சமதளத்துக்கு ஓடையை மூட வேண்டும். முன்பு கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போன அதே ஜே.சி.பி. இப்போது கும்பிட்டுவிட்டு மண்ணைத் தள்ளியது. மண்டப வாசலிலிருந்து சரிவில் நேராகக் கீழே, எங்கள் தெருவைப் பார்த்து, தார் ரோடு ஒன்று இறங்கியது. அது முடியும் இடத்தில் அலங்கார வளைவு. வளைவுக்கு நேர் எதிரே எங்கள் கேட்.

மாமாவின் உரக்கடைக்குப் போனேன்.

"மாமா, ஓடைய மூடறாங்க."

"மூடலம்மா, பைப்பு போட்டிருக்காங்க."

"அந்தப் பைப்புக்குள்ள என் தலகூட நுழையாது மாமா. மேட்டுத் தண்ணி மொத்தமும் எப்பிடிப் போவும்?"

"கோயில் வாசல்ல பள்ளம் இருந்தா மாசமா இருக்கற பொண்ணுங்க எப்பிடி வரும்? யோசிச்சிப் பேசும்மா." உர மூட்டையின் வாயைத் தைக்கத் தொடங்கினார். "நீயும்தான பொங்க வெச்ச?"

கடைசியாக ஒரு முறை கலெக்டர் ஆபீஸுக்கு நான் மட்டும் போனேன். அதே மேஜை. வேறு அதிகாரி. பொறுமையாகத்தான் படித்தார்.

"கோயில் நீங்கதான் ஆரம்பிச்சிருக்கீங்க. புத்துக்குப் பொங்க வெச்ச போட்டோவுலகூட நீங்க நிக்கறீங்க. இப்ப கோயிலுக்கு ரோடு வேணாம்ங்கறீங்க. ஏன் மேடம், அந்தக் கமிட்டிக்கும் உங்களுக்கும் ஏதாவது தகராறா?"

கும்பாபிஷேகத்துக்குத் தெருவில் எல்லாரும் போனோம். நானும் போனேன். போகாமலிருக்க முடியாது, மாமா வீட்டு விசேஷம் மாதிரி. மாமாவுக்குத் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டினார்கள். மனை முதலாளி பக்கத்தில் நின்றார். கலசத்துத் தண்ணீரைப் பம்ப் வைத்து எல்லார் மேலும் தெளித்தார்கள். என் மேலும் விழுந்தது. திரும்பி நடக்கும்போது நர்ஸ் அக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு, கிளிப் போடுவதைத் தொடர்ந்தார்.

அந்த ஐப்பசியில் தப்பித்தோம். மழை சுமாராகத்தான் பெய்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர் வந்து, மதியத்துக்குள் வடிந்தது. "பாத்தியா, பைப்பு வேல செய்யுது," என்றார் மாமா. என் மகள் பன்னிரண்டாவதுக்குப் போனாள்.

புயல் வந்தது அடுத்த கார்த்திகையில். புயல் என்றால் என் கணவர் வீட்டில் இருக்க மாட்டார். மின்வாரியத்து வீடுகளில் எல்லாம் அப்படித்தான், ஊரே கதவைச் சாத்தும்போது அவர்கள் கிளம்புவார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள், எங்கள் அலுவலகத்துக்கு விடவில்லை. காலையில் தூறல்தான். மகள், "நீ போயிட்டு வாம்மா, நான் என்ன சின்னப் பாப்பாவா?" என்றாள். சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினேன்.

மதியம் அலுவலகத்துக் கண்ணாடிக்கு வெளியே எதிர்க்கட்டடம் தெரியவில்லை. கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் கடலூர் பேருந்துகள் எல்லாம் விளக்கு அணைந்து நின்றன. வழியில் ரோட்டின் மேல் தண்ணீர் போகிறது என்றார்கள். ரயிலும் இல்லை. ஒரு தூணருகே நின்று மகளுக்கு போன் செய்தேன்.

"அம்மா, கோயில் ரோட்ல தண்ணி வருதும்மா. செவப்பா வருது."

"ரோட்ல வந்தா வரட்டும். முன்கதவுக்கு அடியில துணி வெய்யி. புத்தகத்த எல்லாம் அலமாரி மேல ஏத்திடு."

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. "கேட்டு ஒடிஞ்சிடுச்சிம்மா. அந்த ஆர்ச்சுக்குள்ளேருந்து நேரா நம்ம வீட்டுக்கு வருது. ஹால்ல முட்டி வரைக்கும் இருக்குது. பிரிட்ஜ் சாயுது."

"மாடிக்குப் போ பாப்பா. போன வெச்சிட்டுப் போ."

"படி வெளியிலதானம்மா இருக்குது. கதவத் தொறக்க முடியல. தண்ணி தள்ளுது."

அதற்கப்புறம் லைன் இல்லை.

நான் அந்தத் தூணருகிலேயே நின்றேன். பக்கத்தில் ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. வெள்ளத்தில் மூழ்கிய எத்தனையோ வீடுகளின் படங்களை இன்ஷூரன்ஸ் ஆபீஸில் என் மேஜையில் பார்த்திருக்கிறேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. அன்று என் வீட்டுச் சுவரில் அந்தக் கோடு ஏறிக்கொண்டே போவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மகளின் உயரம் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே நின்றேன்.

மறுநாள் மழை விட்ட பிறகு ஒரு பால் வண்டியில் பாதி தூரமும் நடந்து பாதி தூரமுமாக ஊர் வந்து சேர்ந்தேன். தெரு முழுக்கச் செஞ்சேறு. எங்கள் முன்கதவு இல்லை. ஹால் சுவரில் கோடு என் தோளுக்கு இருந்தது. மகளின் அறைக்குள் கட்டில் குறுக்கே திரும்பி அலமாரியோடு முட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. தெருவில் யாரும் இல்லை. கடைசியில் பாய் தன் கடைக்குள் இருந்து மண்வெட்டியோடு தலையை நீட்டினார்.

"பொண்ணு நல்லா இருக்குதும்மா. எல்லாரும் மேலதான் இருக்காங்க. கோயில்ல."

ஏறினேன். தார் ரோடு இருந்த இடத்தில் பாளம் பாளமாகத் தார் கிடந்தது. மேலே மண்டபத்துக்குத் துளி சேதம் இல்லை. தெருவே அங்கே இருந்தது. என் மகள் நர்ஸ் அக்காவின் நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. "புத்தகம் எல்லாம் போச்சும்மா," என்றாள்.

நர்ஸ் அக்காதான் அவளை எடுத்திருக்கிறார். சுற்றுச்சுவர் மேலாகவே இரண்டு வீடு கடந்து வந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று, கதவு தானாக உடையும்வரை அவளோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். உடைந்ததும் சேலையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை அவள் இடுப்பில் கட்டி, வாசல் வழியாக வெளியே இழுத்திருக்கிறார். அவர் உள்ளங்கை இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தது. தனக்குத் தானே போட்டுக்கொண்டது. மண்டபத்துக்குள் அவர் வரவில்லை. வெளிப் படியில், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வாங்கக்கா," என்றேன்.

"இங்கயே நல்லாத்தான் இருக்குது."

அவர் காலைத் தொட்டேன். "எந்திரி. இதெல்லாம் உள்ள இருக்கற உங்க அம்மனுக்குப் பண்ணு," என்றார்.

அப்போது சாப்பாடு வந்தது. மனைக்காரர்களின் வேன், அதே வேன். மேனேஜர் தானே இறங்கி, முழங்கால்வரை பேண்டை மடித்துக்கொண்டு பாத்திரங்களைத் தூக்கி வந்தார். சாம்பார் சாதம். எல்லாருக்கும் அவர் கையாலேயே பரிமாறினார். என்னிடம் வந்தபோது சிரித்தார். நல்ல சிரிப்புதான், அதில் குத்தல் எதுவும் இல்லை.

"நல்லவேள மேடம், அம்மா கோயில் இருந்துச்சி. இல்லேன்னா இத்தன பேரும் எங்க போயிருப்பீங்க?"

மாமா ஒரு மூலையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நான் அந்தச் சாதத்தைச் சாப்பிட்டேன். முந்தின நாள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. ருசியாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வீட்டைக் கழுவிக் கதவு வைத்துவிட்டோம். சேற்றின் நிறம் சுவரை விட்டுப் போகவில்லை, இரண்டு முறை வெள்ளையடித்தும் கீழே இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. மகள் பரீட்சை எழுதி, கடலூரிலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் செல்போனில் மழை எச்சரிக்கை வந்தால் யாரும் சொல்லாமலே அவள் பையைக் கட்டுகிறாள். சான்றிதழ்கள், இரண்டு சுடிதார், பிஸ்கட், டார்ச். கட்டி முன்கதவருகே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்கிறாள். தூறல் கொஞ்சம் வலுத்தால் நாங்கள் ஏறிவிடுகிறோம். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். மண்டபத்தில் எங்களுக்கென்று ஒரு தூண் இருக்கிறது. புற்றுக்கு இப்போது வெள்ளிக்கவசம். துணி பட்டில் கட்டுகிறார்கள்.

போன மழைக்கு ஏறியபோது என் கணவரும் வந்திருந்தார். அதிசயமாக அன்று அவருக்கு வேலை இல்லை. மண்டபத்திலிருந்து பார்த்தால் மனைகள் தெரியும். பாதியில் வீடு வந்துவிட்டது. அவர் ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள்தான் சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் முன்பே பேசியிருக்கிறார்கள் என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

"அம்மா, அந்த மூல மனை இன்னும் காலியாத்தான் இருக்குது. மேனேஜர்கிட்ட அப்பா கேட்டுட்டாரு. நம்ம தெருக்காரங்கன்னா கொறச்சித் தராங்களாம். இங்கயே வந்துடலாம்மா. இனிமே என்னால கீழ தூங்க முடியாது."

மூலை மனையைப் பார்த்தேன். ஓடை இருந்த இடத்துக்கு மேல்தான் அது வருகிறது. மஞ்சள் கல் மழையில் பளபளத்தது. அங்கே வீடு கட்டினால் அவள் அறை எந்தப் பக்கம் வரும் என்று என்னை அறியாமல் கணக்குப் போட்டேன். அறைக்குள் தண்ணீர் வரவே வராது. அதில் சந்தேகமில்லை.

"நம்ம மொட்டைமாடித் தண்ணி எங்க பாப்பா போவும்?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "கீழதான். வேற எங்க போவும்?"

நர்ஸ் அக்கா எப்போதும்போல வெளிப் படியில் உட்கார்ந்திருந்தார். சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும், மண்டபம் சின்னதுதான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலிருந்த தூக்குவாளியின் மூடியைத் திறந்து, மூடியில் கொஞ்சம் சுண்டலை எடுத்து வைத்து, தழும்பு விழுந்த கையால் பின்பக்கமாக நீட்டினார். என் மகள் நகர்ந்து போய் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மனையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார் என் கணவர். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வானம் மூட்டமாக இருக்கிறது. பை முன்கதவருகே இருக்கிறது.